ஆழப் பக்கத்தில் நீந்தியவர்

இதை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில், நாங்கள் படித்த கல்லூரி வளாகத்து நீச்சல் குளத்தில், இரண்டு மாணவியர் ஓர் ஆட்டம் ஆடினர். மும்முறை ஆடினர். அதற்குப் புகைப்படம் இல்லை. அழைப்பிதழ் இல்லை. கல்லூரி ஆண்டு மலரில் ஒரு வரிகூட இல்லை. பெண்கள் மட்டுமே அமர்ந்து கண்ட நிகழ்ச்சி அது. கண்டவர்களும் இன்று எந்தெந்த ஊரிலோ. ஆடிய இருவரில் ஒருத்தி என் மனைவி மங்கையர்க்கரசி. மற்றவர் பெயர் ஜுபைதா.

நான் அதைக் கண்டதில்லை. ஆயினும் சென்ற மாதம் கடலூரில் மூன்று நாள் நான் கண்டது அந்த ஆட்டத்தின் நான்காம் அரங்கேற்றம் என்றே தோன்றுகிறது. ஏட்டில் ஏறாதவை நடக்கவே இல்லை என்று பின்னாளில் யாரேனும் சொல்லிவிடலாம் அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்.

கடலூரில் பள்ளி மாணவர்க்கான நீச்சல் போட்டி ஒன்று நடக்கவிருக்கிறது. அதில் ஒத்திசை நீச்சலும் உண்டு — இசைக்கேற்ப இருவரோ பலரோ நீரில் ஒரே உடலாய் அசையும் கலை. ‘சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங்’ என்று தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். இப்போது ‘ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்’ என்று பெயரை மாற்றிவிட்டார்களாம். பழைய பெயரைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆடுவோர் மட்டும் இருந்தால் போதுமா? மதிப்பிடுவோர் வேண்டாமா? மாவட்டத்தில் தகுதி பெற்ற நடுவர் ஒருவர்கூட இல்லை. எனவே உடற்கல்வி ஆசிரியர்களைத் திரட்டி மூன்று நாள் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, தேறியவர்க்குச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு செய்தனர். பாடக் குறிப்புகளைத் தமிழாக்கித் தரும் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனான என்னிடம் வந்தது. அந்தத் தாள்கள் எங்கள் வீட்டு மேசையில் மூன்று நாள் கிடந்தன. நான்காம் நாள் மங்கை வந்து நின்றாள்.

“ஏங்க… நானும் எழுதட்டுமா இந்தப் பரீட்சைய?”

அவளும் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளே. ஆனால் அறுபது வயதில் எதற்கு இன்னொரு தேர்வு? கேட்டேன்.

“காதுக்குத் தண்ணி ஆவாதுன்னு டாக்டரு சொல்லிப் பதினஞ்சு வருஷம் ஆவுது. உள்ள போவத்தான் முடியாது. பக்கத்துலயாவது ஒரு நாற்காலி போட்டு உக்காரலாம் இல்ல?”

காட்டுமன்னார்கோயிலில் வடவாற்று நீரில் குதித்து வளர்ந்தவள் அவள். செவிச் சவ்வில் துளை விழுந்த நாள் முதல் குளியலறை வாளியே அவளுக்கு வாய்த்த நீர்நிலை. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.

நடுவர்க்கு வெள்ளுடை என்பது இவ்விளையாட்டின் விதி. தலை முதல் கால் வரை வெள்ளை. முதல் நாள் காலை அவள் வெண்ணிறச் சுடிதாரில் படியிறங்க, எதிர்வீட்டு அம்மையார் பதறிவிட்டார்.

“இன்னா மங்கை, அவுரு கல்லாட்டம் இருக்கும்போது நீ வெள்ளயப் போட்டுக்கிட்டுப் போறியே?”

“கல்லும் கூடத்தான் வருது. பின்னாடி பாருங்க.”

பின்னால் நான் நின்றிருந்தேன் — தமிழாக்கத் தாள்களுடன்.

கடலூர்க் குளக்கரையில் எங்களுக்கு முன்பே வந்திருந்தான் சாகுல். முதுநகர்ப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியன். ஒரு காலத்தில் மங்கையோடு பணியாற்றியவன். அவளை அக்கா என்பான். அந்த முறையில் நான் அவனுக்கு மாமா.

“அக்கா, உம்ராவுக்கு மக்கா கிளம்பின மாரி இருக்கீங்க. அப்பிடியே எனக்கும் ஒரு துஆ செஞ்சிடுங்க, தியரியில பாஸாவணும்.”

“உனக்கு துஆ பத்தாது சாகுலு. புக்க தொறக்கணும்.”

பயிற்சிக் கூடத்தில் என் தமிழாக்கம் வழங்கப்பட்டது. ஐந்து நிமிடம் எல்லோரும் படித்தனர். பிறகு சாகுலின் குரல் எழுந்தது.

“மாமா, ‘தலைகீழ்ச் செங்குத்து நிலையினின்று வழுவாது சுழலுதல்’… இத நான் படிச்சி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கரையேறித் தலையத் துவட்டிக்கிட்டு பஸ் ஏறிப் பூடுமே!”

கூடமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதுதான் சற்று வலித்தது. மறுபதிப்பில் என் சொற்களுக்குக் கீழே ‘வெர்ட்டிக்கல் ஸ்பின்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்துவிட்டேன். தூய்மையும் சில வேளை அடிக்குறிப்பு கேட்கிறது… என்ன செய்வது?

பயிற்றுநர் பிரமிளா சென்னையிலிருந்து வந்தவர். நாற்பதைத் தாண்டாத வயது, கண்டிப்பான குரல். ஒத்திசைவுப் பிழைகளை எண்ணும் நடுவர்க்கு அவர் சொன்ன ஒழுங்குகளைக் கேட்டு வியந்துபோனேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் கண் நீரை விட்டு அகலக் கூடாது. குனிந்து தாளைப் பார்க்கலாகாது. பார்க்காமலேயே கட்டத்துக்குள் கோடு போடப் பழக வேண்டும். அருகிலிருப்பவரோடு பேச்சு இல்லை. முகத்தில் மலர்ச்சியோ சுளிப்போ கூடாது. எவ்வளவு அழகாக ஆடினாலும்… கைதட்டக் கூடாது.

“அழகா இருந்தாக்கூடவா?” என்று மங்கை கேட்டாள்.

“அழகா இருந்தா முக்கியமா கூடாது மேடம்.”

பிழைகள் மூவகை என்று நான் பெயர்த்திருந்தேன்: சிறுபிழை, வெளிப்படைப் பிழை, பெரும்பிழை. ஒருத்தியின் விரல் மற்றவளினும் ஒரு கணம் முந்தினால் சிறுபிழை. பார்வையாளர்க்கே தெரிந்தால் வெளிப்படைப் பிழை. ஒருத்தி நீருக்கு மேலும் மற்றவள் கீழுமாய்ப் போனால் பெரும்பிழை. இல்லறத்துக்கும் இவ்வகைப்பாடு பொருந்தும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, பின் அழித்துவிட்டேன்.

முதல் நாள் எழுத்துத் தேர்வு. மங்கை முதலிடம். சாகுலும் தேறினான், தன் வெற்றிக்கு என் அடிக்குறிப்பே காரணம் என்று ஊரறியச் சொன்னான்.

இரண்டாம் நாள் செய்முறைத் தேர்வு.

சென்னைப் பள்ளி மாணவியர் இருவர் நீரில் இறங்கினர். ஒரே நிற உடை, ஒரே வகைக் கொண்டை. ஒருத்தி குளத்தின் ஆழப் பக்கம், மற்றவள் ஆழம் குறைந்த மேட்டுப் பக்கம். இடம் மாறாமல் ஆடும் சிறு பயிற்சி ஆட்டம். தேர்வர்கள் கரை நெடுக அமர்ந்து பிழைகளைக் குறிக்க வேண்டும். எவர் தவறினார் என்பதும் பதிவாக வேண்டும் என்பதற்காகத் தாளில் இரண்டு பத்திகள்: ஆழப் பக்கம், மேட்டுப் பக்கம். பயிற்றுநரின் தாளோடு பெரும்பாலும் ஒத்துப் போனால் தேர்ச்சி.

இசை ஒலித்தது. நான் பார்வையாளர் படியிலிருந்து மங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதுகு அவ்வளவு நேராய் நிமிர்ந்து நான் கண்டு ஆண்டுகள் ஆகின்றன. பென்சில் தானாய் ஓடியது. தாளை ஒருமுறையும் அவள் நோக்கவில்லை. தேறிவிட்டாள் என்றே எண்ணினேன்.

பிரமிளா தாள்களைப் புரட்டியவர், ஒன்றில் நின்றார். மங்கையை அழைத்தார்.

“மேடம், எண்ணிக்கை கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. ஆனா எல்லாக் கோடும் ஆழப் பக்கத்துலயே போட்டிருக்கீங்களே?”

“அந்தப் பொண்ணுதான் லேட்டாச்சி…”

“சில இடத்துல. மீதி இடத்துல மேட்டுப் பக்கப் பொண்ணு முந்திட்டா. அவளுக்கு நீங்க ஒரு தப்புகூடப் போடல.”

மங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு பத்தி முழுதும் கோடுகள். மற்றொன்று துடைத்துவிட்டாற்போல் வெறுமை.

பிரமிளா குரலைத் தாழ்த்தினார். “நீங்க டூயட் ஆடிருக்கீங்களா மேடம்?”

“காலேஜ்ல… ஆடிருக்கேன்.”

“எந்தப் பக்கம்?”

“மேட்டுப் பக்கம்.”

“ஆழத்துல யாரு?”

மங்கை குளத்தின் ஆழப் பக்கம் ஒரு நோட்டம் விட்டாள். பிறகு சொன்னாள்: “ஜுபைதா.”

“மேடம், நீங்க ஜட்ஜ் பண்ணல. இன்னும் ஆடிட்டுதான் இருக்கீங்க.”

இணையாய் ஆடியவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. இருவராய் ஆடுவோர் தம் ஆட்டத்தைத் தாமே கண்டதில்லை. தம் உடலே அளவுகோல். கண்ணுக்குத் தெரிவது மற்றவர் மட்டும். ஆகவே இசைவு குலைந்தால் குலைத்தவர் எதிரில் இருப்பவரே! சாகுல் இப்பிழையைச் செய்யவில்லை. அவன் எவரோடும் சேர்ந்து நீந்தியதில்லை.

“நாளைக்குக் காலைல ஒரே ஒரு சான்ஸ்தான். அதுலயும் போச்சின்னா அடுத்த கோர்ஸ் எப்பன்னு எனக்கே தெரியாது,” என்றார் பிரமிளா. “ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரையும் பாக்காதீங்க. நடுவுல இருக்கற தண்ணியப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஓரக்கண்ணுல தானா வந்துடும்.”

நண்பகல் உணவு முடிந்ததும் என்னையும் சாகுலையும் குளக்கரையில் நிறுத்திவிட்டாள் மங்கை. எட்டு வரை எண்ணிக்கொண்டே கைகளைத் தூக்கி இறக்க வேண்டுமாம். ஆழப் பக்கம் சாகுல். மேட்டுப் பக்கம் நான். அறுபத்தாறு வயதுத் தமிழாசிரியன் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கோலத்தை எண்ணிப் பாருங்கள்.

“சாகுலு, நீ லேட்டு.”

“சரிக்கா.”

“சாகுலு, மறுபடியும் லேட்டு.”

“அக்கா! மாமா ‘மூணு’க்குத் தூக்குன கைய இன்னும் எறக்கவே இல்ல. அதுக்கு ஒரு கோடு இல்ல. நான் ஒரு விரல மடக்குனா கோடு. இன்னாக்கா ஞாயம் இது?”

மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை மேலேயே இருந்தது. எட்டாம் எண்ணோடு இறக்க வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

“இவரு லேட்டா வர்றது எனக்குப் பழகிப்போச்சிடா,” என்றாள்.

சிரித்தோம். ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் அவள் தலை ஆழப் பக்கமே திரும்பியது. எங்கள் இருவர்க்கும் அது தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மாலை வீடு திரும்பிய சிதம்பரம் பேருந்தில் நெரிசல். முட்லூர் வரை நின்றே வந்தோம். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை வந்ததும் ஒரு கூட்டம் இறங்க, இருக்கை கிடைத்தது. அவள் சன்னலோரம் அமர்ந்து அந்தச் சாலையையே பார்த்தாள். ஜுபைதாவின் ஊர் அது. இந்த வழியில் எத்தனையோ ஆண்டுகளாய்ப் போய் வருகிறோம். அவள் ஒருநாளும் அவரைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை.

“அவ கடலுக்குப் பக்கத்துலயே பொறந்தவ. கால நனைக்க விட்டதில்ல வூட்ல. காலேஜுக்கு வந்துதான் நீச்சலே கத்துக்கிட்டா. நாந்தான் கத்துக்குடுத்தேன். ஆட்டம்னு வந்ததும், ‘ஆழம் எனக்கு, மேடு உனக்கு’ன்னுட்டா. ஏண்டின்னா, ‘நீ பொறந்ததுலேந்து தண்ணியில கெடக்கற. எனக்கு இப்பத்தானே கெடச்சிருக்கு, ஜாஸ்தியா இருக்கற பக்கத்த எனக்குக் குடு’ங்கறா…”

அந்நாளில் நீருக்கடியில் ஒலிக்கும் கருவி ஏது? தலை நீருக்குள் போனால் பாட்டு கேட்காது. அவர்களைப் பழக்கிய உடற்கல்வி அம்மையார் குளத்தின் இரும்பு ஏணியைக் கரண்டியால் தட்டுவாராம். அந்த ‘டங்… டங்…’ நீருக்குள் தெளிவாய்க் கேட்குமாம். அதுதான் தாளம்.

“மூணாவது வாட்டி ஆடறப்ப கரண்டி தண்ணியில வுழுந்திடுச்சி. ஒரு சத்தமும் இல்ல. நான் ஜுபைதாவப் பாத்தேன், அவ என்னப் பாத்தா. அப்பிடியே ஆடி முடிச்சிட்டோம். யாருக்கும் தெரியல. அதுலேந்து எனக்குத் தாளமே வேணாம்னு ஆச்சி. அவ இருந்தாப் போதும்னு…”

இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்பே ஜுபைதாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு மலேசியாவில் கடை. சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பிறகு அவர்கள் வீடு மாறினர், நாங்களும் மாறினோம். முகவரி எந்தப் பெட்டியிலோ போயிற்று. முகநூலில் தேடினால் ஜுபைதாக்கள் வரிசையாய் வருகிறார்கள்; எவர் முகத்திலும் அந்த இருபது வயதுப் பெண் இல்லை. பரங்கிப்பேட்டையில் அவர் வீடும் கைமாறிவிட்டது.

“நாளைக்கு நான் பெயிலாத்தாங்க போவேன்,” என்றாள். “தலை தானா திரும்புது.”

ஆறுதல் சொல்ல எனக்கு ஆயிரம் சொற்கள் தெரியும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை. மறுதேர்வுக்கு அவளோடு இன்னும் இருவர். அதே மாணவியர், ஆட்டம் மட்டும் வேறு. மங்கை நாற்காலியில் அமர்ந்தாள். பிரமிளா விசிலை ஊதினார்.

இம்முறை நான் அவள் கழுத்தையே பார்த்திருந்தேன். இசை தொடங்கியதும் அது ஆழப் பக்கம் ஒரு நூலளவு திரும்பிற்று. பிறகு… மெல்ல, மிக மெல்ல, ஒரு கனத்த கதவை ஒருக்களித்துச் சாத்துவதுபோல், அது நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஆட்டம் முடியும் வரை அசையவில்லை. பென்சில் மட்டும் இரண்டு பத்திகளிலும் மாறி மாறி ஓடியது.

பிரமிளா தாள்களை ஒப்பிட்டார். இரண்டு கோடுகள்தாம் வேறுபாடு. மங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சூப்பர் மேடம். போட்டியில உங்களுக்கு ஒரு சேர் கன்ஃபர்ம்.”

சாகுல் விசிலடித்தான். “அக்கா பாஸு! இனிமே நான் கைதட்டலாம்ல? நான் இப்ப ஜட்ஜ் இல்லல்ல?”

மங்கை எல்லோர்க்கும் தலையசைத்தாள். வணங்கினாள். பிறகு நான் அமர்ந்திருந்த படிக்கு வந்து, ஒரு படி கீழே உட்கார்ந்தாள். அவள் விரும்பிய நாற்காலி கிடைத்துவிட்டது. முகத்தில் அந்த மகிழ்ச்சியை நான் தேடினேன்.

“தேறிவிட்டாயே… என்ன?”

குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவியர் கரையேறிவிட்டனர். நீர் இன்னும் அலைந்துகொண்டிருந்தது.

“நேத்து தப்பாப் போட்டேன் இல்லீங்களா… அப்ப ஜுபைதா இருந்தா. கைய நீட்டுனா தொட்டுடலாம், அவ்வளவு பக்கத்துல. அதான் தலை திரும்புச்சி. இன்னிக்கி அந்தம்மா சொன்ன மாரி நடுவால பாத்தேன். ரெண்டு பொண்ணுங்களும் நல்லாத் தெரிஞ்சாங்க. ரெண்டும் யாரோ பெத்த பொண்ணுங்க.”

நடுநிலை என்பதை வாழ்நாளெல்லாம் வகுப்பில் புகழ்ந்து பேசியவன் நான். அதற்கு என்ன விலை என்பதை அன்றுதான் அந்தப் படியில் அறிந்தேன். நேர்மையாய்ப் பார்க்க வேண்டுமானால் விரும்பிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் போலும். நல்ல நடுவர்களை இனி நான் சற்று இரக்கத்தோடு பார்ப்பேன்.

போட்டிக்கு அவள் போவாள். வெள்ளுடை துவைத்து மடித்திருக்கிறது. கைதட்ட மாட்டாள். பிழைகளைச் சரியாக எண்ணுவாள். அதில் எனக்கு ஐயமில்லை.

இனி ஒரு வேண்டுகோள். நீச்சலின் விதிகளை நான் அரைகுறையாய்க் கற்றவன், கலைச்சொற்களில் தவறியிருக்கலாம். அறிந்தோர் திருத்துக. அந்நாளில் அக்கல்லூரியில் பயின்று, அந்த ஆட்டத்தைக் கரையிலிருந்து கண்ட பெண்மணிகள் யாரேனும் இதைப் படித்தால், கரண்டி விழுந்தது மூன்றாம் முறையா, இரண்டாம் முறையா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் எழுதியதெல்லாம் மேட்டுப் பக்கத்திலிருந்து கேட்டது. ஆழப் பக்கத்திலிருந்து கண்டவர் ஒருவரே. அவர் கண்ணில் இது பட்டு, ‘அப்படி இல்லை, இப்படித்தான் நடந்தது’ என்று மலேசியாவிலிருந்து ஒரு திருத்தம் வருமானால்…

அந்த உறையை மட்டும் நான் பிரிக்க மாட்டேன், அதற்குரியவளிடம் கொடுத்துவிடுவேன்.